மதகடியில் நடந்த வகுப்பு

செவ்வாய்க்கிழமை காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தரங்கம்பாடியிலிருந்து போன் வந்தது. “சார், அக்கா தவறிட்டாங்க. நாளைக்கு நாலு மணிக்கு அடக்கம்” என்றார் எஸ்தர் டீச்சரின் தம்பி. மீதிக் காப்பியையும் குடித்து முடித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

நன்னிலம் பக்கத்துப் பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது அறிவியல் ஆசிரியையாக வந்து சேர்ந்தவர் அவர். கருப்பு சிவப்புக் கொடியும் செங்கொடியும் ஒரே தெருவில் பறந்த காலம். நடவுக் கூலிக்காக வாரம் ஒரு தகராறு. பள்ளி விட்டபின் பெண் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வேண்டுமென்றார். யார் தொடலாம், யார் தொடக்கூடாது, யாரிடம் போய்ச் சொல்வது என்பதெல்லாம் பாடமாம்.

“இதெல்லாம் ஒரு பாடமா?” என்று சிரித்தேன்.

“பரீட்சைதான் கிடையாதுங்க சார்” என்றார். தையல் வகுப்பு என்று பதிவேட்டில் எழுதச் சொல்லி அனுமதித்தேன். நான் பயந்த சுபாவம்.

முதல் வாரமே ஒரு தப்பு. வகுப்பு முடியப் பொழுது சாய்ந்து, பிள்ளைகள் வாய்க்கால் கரையில் தனியே போனார்கள். “பத்திரமா இருக்கச் சொல்லிக்குடுத்துட்டு இருட்டுற நேரத்துல அனுப்பியிருக்கேன், எனக்கு அறிவிருக்கா?” என்று மறுநாள் தம்மையே திட்டிக்கொண்டார். அன்றிலிருந்து பிள்ளைகளோடு அவரும் நடந்தார், நடையே வகுப்பானது. ஒருநாள் நான் பின்னால் சைக்கிளில் வந்தபோது காதில் விழுந்தது: “பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லணும். காரணம் சொல்ல வேண்டியதில்ல. கேக்குறது வாத்தியாரா இருந்தாலும்தான்.” எனக்குச் சுருக்கென்றது.

பாதி வழியில் மதகில் அவர் உட்காருவார். ஒவ்வொருத்தியும் தனித்தனியே பக்கத்தில் வந்து ஒரு நிமிஷம் உட்கார வேண்டும், சொல்ல ஒன்றுமில்லாதவளும்கூட. அப்போதுதான், எதையாவது சொன்னவள் யாரென்று மற்றவர்களுக்குத் தெரியாது.

ஒரு குறுவை நடவின்போது எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி அங்கே சொன்னாள். லீவு நாளில் அம்மாவோடு நடவுக்குப் போனால், பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் நாற்றுக்கட்டு கொடுக்கும் சாக்கில் கையைப் பிடிக்கிறாராம். அவளுடைய அம்மாவிடம் பேசிவிட்டு டீச்சர் என்னிடம் வந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. நியாயம் கிடைக்கட்டுமென்று, யாரையும் கேட்காமல், கூலிப் பேச்சு நடக்கும் இடத்துக்கு அவளைக் கூட்டிவரச் சொல்லி அவள் அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். மடத்தனம்.

பள்ளி மைதானத்தில் பண்ணை, கூலியாட்களின் சங்கம் என்று இரு தரப்பும் கூடியிருந்தது. “சங்கத்துக்காரங்க கட்டிவிட்ட கதை” என்றது பண்ணை. “பொண்ணே எல்லார் முன்னாடியும் வந்து சொல்லட்டும்” என்றது சங்கம். அவள் அப்பாவின் துண்டைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

டீச்சர் அவளை வகுப்பறைக்குள் அனுப்பிவிட்டு வாசலில் நின்றார். “அவ எங்கிட்ட சொல்லிட்டா, நான் உங்ககிட்ட சொல்றேன். இது கூலிப் பிரச்சினை இல்லீங்க. அவ வெளிய வரமாட்டா. அந்த ஆளு இனிமே வயல்ல நிக்கக்கூடாது. நின்னா நான் போலீசுக்குப் போவேன்.” பிறகு என்னிடம் மெதுவாக, “அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?” என்றார்.

காரியக்காரரைப் பண்ணை நிறுத்தியது. பெண் படிப்பை விடவில்லை. டீச்சருக்குத் திருக்காட்டுப்பள்ளிக்கு மாற்றல் வந்தது. யார் வேலை என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அது வெட்கமாகவே இருக்கிறது.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இப்போது தலை நரைத்த நர்ஸம்மா. “அன்னைக்கு நடந்ததை ரெண்டு வார்த்தை பேசேம்மா, எல்லாருக்கும் தெரியட்டும்” என்றேன். இத்தனை வருஷம் கழித்தும் அதே மடத்தனம்.

“வேணாம் சார்” என்றார். குரல் உயரவில்லை. காரணமும் சொல்லவில்லை.

“சரிம்மா” என்று சொல்லிவிட்டு, குழிக்குள் ஒரு பிடி மண் போட்டேன்.

ஊர் திரும்பியதும், இதையெல்லாம் பெயர் போடாமல் எழுதலாமா என்று நர்ஸம்மாவுக்கு போன் செய்து கேட்டேன். இரண்டு நாள் யோசித்து, “எழுதுங்க சார்” என்றார்.

டீச்சர், இந்தத் தடவை கேட்டுவிட்டேன். போய் வாருங்கள்.