ஐந்து வரித் திரை

அந்தப் பாட்டுப் பெட்டியைச் செய்தவன் யாராக இருந்தாலும் சரி, அவன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஆயிரம் பாட்டுப் பிடிக்கும், எழுத்தும் காட்டும் என்று மேலட்டையில் போட்டிருந்தது. காட்டத்தான் செய்தது. வரிக்குப் பதினாறு எழுத்து, திரைக்கு ஐந்து வரி. பதினேழாவது எழுத்து வந்தால் சொல்லை நடுவில் வெட்டி அடுத்த வரியில் எறிந்துவிடும். தமிழில் தட்டிக் கொடுத்தால் வெறும் கட்டம் கட்டமாகக் காட்டும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு வந்தால், படித்துக்கொண்டிருந்த இடத்தை மறந்துவிட்டு மறுபடி முதல் வரியில் போய் நிற்கும். அது அநியாயம்.

பெட்டி சித்தப்பாவுடையது. அவர் கள்ளக்குறிச்சியில் மைக்செட் வைத்திருந்தார். நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். கல்வராயன் மலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வெள்ளிமலைக்குப் போகும் வழியின் வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி அவருடைய சிடி பிளேயர் செத்துப்போனது. அதற்குப் பிறகு சேலத்தில் வாங்கியதுதான் இது. பாட்டும் இதிலேயே, மைக்கில் அழைக்க வேண்டிய பெயர்களும் இதிலேயே என்று ஆனதில் அவருக்கு ஒரே பெருமை. அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்பில் பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டி ஏற்றிக்கொண்டு போவார்.

சின்னசேலம் பக்கம் ஒரு கிராமத்தில் வருடா வருடம் ஆடி மாதத்துக் கூழ் ஊற்றலுக்கு அவர்தான் மைக்செட். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கோவில் முன்னால் பெரிய செப்புக் கொப்பரை வைத்திருப்பார்கள். மைக்கில் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி அழைக்க, அழைக்கப்பட்டவர் குடத்தோடு வந்து அதில் கூழ் ஊற்ற வேண்டும். நடுநடுவே அம்மன் பாட்டு. முந்தின வருடம் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பெட்டி முதல் வரிக்கே போய் நின்றுவிட்டதில், சித்தப்பா முதல் பத்துப் பேரை மூன்று முறை அழைத்துவிட்டார். கடைசிப் பதினான்கு பேரை அழைக்கவே இல்லை. விட்டுப்போனவர்கள் யாரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. மூன்று முறை அழைக்கப்பட்டவர்கள்தான் கோபித்துக்கொண்டார்கள். “ஒரே ஆள எத்தினி வாட்டியா கூப்புடுவ? இந்த வாட்டி ஒழுங்கா இல்லன்னா வேற செட்டப் பாத்துக்கினு போறோம்” என்று விழாக் கமிட்டிக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஊர் போனால் அதைப் பார்த்து இன்னும் நாலு ஊர் போய்விடும் என்று வீட்டில் கவலை. நான் ஏழாம் வகுப்பு. நான் சரிசெய்து தருகிறேன் என்று சொன்னேன். வேறு யாருக்கும் அதற்குப் பொறுமை இல்லாததால் வேலை என்னிடம் வந்தது.

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெட்டியைத் திருத்த முடியாது, ஆனால் அதற்குள் போகும் எழுத்தைத் திருத்தலாம். ஒரே நீளமான பட்டியலை ஐந்தைந்து பெயர்களாகத் துண்டு போட்டு எண் கொடுத்தேன். ஒரு துண்டு சரியாக ஒரு திரை. இனி மறந்தாலும் ஐந்து பெயருக்கு மேல் மறக்க முடியாது. எந்தத் துண்டில் விட்டோம் என்பதே மறந்துபோனால்? அதற்கும் வழி வைத்தேன். பெயர்களை ஆங்கில அகர வரிசையில் அடுக்கினேன். கே வரை அழைத்தாயிற்று என்றால் அடுத்தது எல், அவ்வளவுதான். எங்கள் வகுப்பு வருகைப் பதிவேடே அந்த வரிசையில்தான் இருந்தது. அதற்காக யாரும் யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

மிச்சமிருந்தது பதினாறு எழுத்துத் தொல்லை. கமிட்டியார் கொடுத்த காகிதத்தில் மேலே இருந்த நாற்பது பேருக்கு முன்னால் ஊர் நாட்டாண்மை, முன்னாள் தலைவர், மேலத்தெரு பெரியவர் என்று ஒரு முழம் பட்டம், பின்னால் ‘அவர்கள்’ என்று ஒரு மரியாதை. கீழே இருந்த பதினான்கு பேருக்கு வெறும் பெயர் மட்டும். கீழே இருந்தவர்கள் திரையில் கச்சிதமாக அடங்கினார்கள். மேலே இருந்தவர்கள்தான் மூன்று வரிக்கு வழிந்தார்கள். ஆகவே பட்டங்களையெல்லாம் வெட்டினேன். எல்லாரும் ஒரு வரியில் வந்து உட்கார்ந்தார்கள். அவ்வளவு அழகான பட்டியலை நான் அதுவரை பார்த்ததில்லை.

சித்தப்பா நடுவில் இரண்டு பாட்டுப் போட்டுச் சோதித்தார். இடம் மாறவில்லை. “பரவால்லியே, மூளக்காரிதான்” என்றார். பெயர்களை அவர் படித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வெளியூர்க்காரருக்கு எந்தப் பெயர் எந்தத் தெரு என்று என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வேப்பமரத்திலும் பள்ளிக்கூட மொட்டைமாடியிலுமாக நான்கு குழாய் கட்டினோம். கொப்பரை பளபளவென்று துலக்கப்பட்டுக் காலியாக இருந்தது. கொஞ்சம் தள்ளி, மண்தரையில், ஒரு அலுமினிய அண்டா. கொப்பரை நிறைந்துவிட்டால் மிச்சத்தை ஊற்றுவதற்கு என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே பூசை நடந்து மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே, நேரமாயிற்று ஆரம்பி என்று யாரோ கை காட்டினார்கள்.

சித்தப்பா பெட்டியைப் பார்த்தார். பெயர்கள் மொட்டையாக இருந்தன. யார் பெரியவர் யார் சின்னவர் என்று தெரியாததால், வம்பு வேண்டாம் என்று எல்லாருக்கும் தானாகவே ‘அவர்கள்’ என்று சேர்த்துக்கொண்டார்.

“முதலாவதாக அஞ்சலை அவர்கள். அஞ்சலை அவர்கள் கூழ்க்குடத்துடன் கோவில் முன்பாக வரவும்.”

ஏ, என், ஜே. அதற்கு முன்னால் வர அந்த ஊரில் ஒரு பெயரும் இல்லை.

நான்கு குழாயிலும் அந்தப் பெயர் போயிற்று. சிலர் சிரித்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து வந்து தனியாக ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்த பெண்கள் கூட்டத்தில் ஒருவரை மற்றவர்கள் பார்த்தார்கள். கரும்புக்காட்டு வேலைக்குப் போகிற கை, தலையில் சும்மாடு, அதன் மேல் குடம். அவர் அசையவில்லை. என் பட்டியலின் முதல் பெயரே இப்படி நின்றால் எப்படி என்று நானே ஓடிப் போனேன்.

“என்னியாமா கூப்ட்டாங்க?”

“ஆமாங்க, உங்களத்தான். நீங்கதான் ஃபர்ஸ்ட்டு” என்று பெட்டியின் திரையைக் காட்டுவதற்காகக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அவர் குடத்தை இறக்கிக்கொண்டு அலுமினிய அண்டாவை நோக்கித் திரும்பினார். நான் விடவில்லை. அது இல்லைங்க, இதில் ஊற்றுங்க என்றேன். “வேணாம்மா, நான் அங்கியே ஊத்திக்கினு போறேன்” என்றார் மெதுவாக. கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். குடத்தின் விளிம்பைப் பிடித்து நானும் சேர்ந்து சாய்த்தேன். கெட்டியான கேழ்வரகுக் கூழ். கொப்பரையின் அடியில் கொழகொழவென்று விழுந்தது.

“அடுத்ததாக அண்ணாமலை அவர்கள்” என்று சித்தப்பா அழைத்தார். அது நாட்டாண்மைக்காரர். தன் பெயர் பட்டமில்லாமல், அதுவும் இரண்டாவதாக, ஊருக்கே கேட்கிறபடி ஒலித்ததும் பூசையை விட்டு வெளியே வந்தார். அவர் மைக்கைப் பார்க்கவில்லை, கொப்பரையைத்தான் பார்த்தார்.

“இதுல யாரு ஊத்துனது?”

“கூப்ட்டாங்கன்னு வந்தேங்க” என்றார் அஞ்சலை.

“கூப்ட்டா? இத்தினி வருசமா ஒனக்கு எடம் தெரியாது?”

நான்தான் ஊற்றச் சொன்னேன் என்று முன்னால் போய் நின்றேன். இதில் தப்பு என்ன என்று எனக்குப் புரியவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட நியாயமாக இருந்திருக்கும். அழைத்தது எங்கள் மைக், இழுத்து வந்தது நான், சாய்த்தது என் கை. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடி மறுபடி அந்த அம்மாவையே கேட்டார். அந்த அம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

அதற்குள் சித்தப்பா வந்து என் கன்னத்தில் ஒன்று விட்டார். “சின்னப் பொண்ணுங்க, தெரியாம பண்ணிடுச்சிங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அடியைவிட அந்தச் சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தெரியாமலா? ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தையும் எண்ணி எண்ணிச் செய்தவளைத் தெரியாமல் செய்தாள் என்றால்?

இரண்டு ஆட்கள் வந்து கொப்பரையைக் கவிழ்த்தார்கள். கூழ் மண்ணில் ஓடியது. மஞ்சள் தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவினார்கள். அம்மனுக்கு என்று விடியலில் எழுந்து காய்ச்சிக் கொண்டுவந்த கூழை அம்மன் வாசலிலேயே கொட்டிக் கழுவினார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. அன்றைக்கு எரியவில்லை என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கமிட்டிக்காரர் காகிதத்தைக் கொண்டுவந்து சித்தப்பாவின் கையில் திணித்தார். முழ நீளப் பட்டங்களோடு நாற்பது பேரும் வரிசையாக வந்து ஊற்றினார்கள். பெட்டி பாட்டு மட்டும் பாடியது. என்னை ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, ஐந்தைந்தாக நான் அடுக்கிய பெயர்கள் வீணாகப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அந்தப் பதினான்கு பெயர்கள் வந்தன. போன வருடம் போல ஆகிவிடக் கூடாது என்று சித்தப்பா ஒன்றையும் விடாமல், ஒவ்வொன்றையும் மும்முறை அழைத்தார். அவர்கள் என்ற சொல் இப்போது இல்லை. நான்கு குழாயும் ஓடை வரைக்கும் கத்தின. அலுமினிய அண்டா காலியாகவே கிடந்தது. நான் எழுந்து வேப்பமரத்தடியைப் பார்த்தேன். யாரும் இல்லை. வரப்பில் தூரத்தில், நிறைந்த குடங்களைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவர்கள் பெயர் இந்த வருடமாவது விட்டுப்போகக் கூடாது என்றுதானே ஒரு வாரம் பாடுபட்டேன், அடியும் வாங்கினேன்? இவ்வளவு சத்தமாக, இத்தனை முறை கூப்பிடும்போது வந்து ஊற்றிவிட்டுப் போனால் என்னவாம் என்று, அந்த ஊரிலேயே அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.