பதினொரு சென்டிமீட்டர்

கண்ணாடியைக் கழற்றிவிட்டால், முகத்திலிருந்து பதினொரு சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பது மட்டும்தான் எனக்குத் தெளிவாகத் தெரியும். அடிக்கோல் வைத்து அளந்து நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு அப்பால் எல்லாம் கலங்கல். பள்ளிக்கூடத்தில் என்னை 'சோடாபுட்டி' என்று கூப்பிட்டார்கள். ஆனால் அந்தப் பதினொரு சென்டிமீட்டருக்குள் என்னை மிஞ்ச ஆளில்லை. தேயிலைப்பூவின் நடுவே நிற்கும் மஞ்சள் இழைகளைப் பூதக்கண்ணாடி இல்லாமலே எண்ணிவிடுவேன். ஒரு பூவில் நூற்று நாற்பத்தேழு இருந்தன.

எஸ்டேட் ஆபீஸில் எனக்குக் கிராணி வேலை. ஆள்வருகை, கொழுந்து எடை, காலை ஏழு மணிக்கு மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் என் கையெழுத்தில்தான் பதிவாகும். வேலை முடிந்து வந்ததும் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, சீட்டுக்கட்டு அளவுள்ள அட்டைகளில் தேயிலைப்பூ வரைவேன். இருபத்தெட்டு வருடமாக வேறு எதையும் வரையத் தோன்றவில்லை.

பூவைக் கொண்டுவருவது என் கணவர். அவர் கவ்வாத்துக் கங்காணி. செடிகளை ஒரே உயரத்தில் வெட்டிவிடும் ஆட்களுக்குப் பொறுப்பு. ஒழுங்காக வெட்டிக் கொழுந்து எடுக்கும் செடி அவ்வளவாகப் பூக்காது. பள்ளத்தோரம் கைவிட்ட செடிகள்தான் பூத்துக் கிடக்கும். அதனால் பூவைப் பார்த்தால் அவருக்குக் கொஞ்சம் மானக்கேடு. "பூ பூத்துச்சுன்னா நான் வேலை செய்யலன்னு அர்த்தம். அதைப் போயி படம் போட்டு ஊருக்கே காட்டுறா," என்று சொல்லிக்கொண்டே, சட்டைப்பையிலிருந்து நசுங்காமல் எடுத்து என் மேசையில் வைப்பார்.

கண்ணில் ஏதோ கோளாறு என்பதை மழைமானிதான் காட்டிக்கொடுத்தது. குழாயில் பன்னிரண்டு புள்ளி நான்கு என்று வாசித்து எழுதினேன். தற்செயலாக அங்கே வந்த மேனேஜர் பார்த்துவிட்டுப் பதினான்கு என்றார். அந்தப் பதிவேட்டில் என் முதல் அடித்தல் அது. பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே கூசியது.

மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் கண் டாக்டர், ஒரு சீனப் பெண்மணி, இரண்டு கண்ணிலும் புரை என்றார். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு உள்ளே செயற்கை லென்ஸ் வைக்கலாம். அதுவரைக்கும் எளிதாகத்தான் இருந்தது. தூரத்துக்கு வைக்கட்டுமா, கிட்டத்துக்கா என்று கேட்டார். எனக்கு ஏற்ற லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் சரியாக இருக்குமாம்; மற்றதற்கெல்லாம் கண்ணாடி போட வேண்டும். பெரும்பாலோர் தூரத்தைத்தான் கேட்கிறார்களாம். நான் நாட்குறிப்பை எடுத்துப் பிரித்து, பதினொரு சென்டிமீட்டருக்கு வையுங்கள் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

முடியாதது இல்லை, ஆனால் படி இறங்கக்கூட ஆயுள் முழுக்கத் தடித்த கண்ணாடி வேண்டியிருக்கும் என்றார். கிட்டப்பார்வைதான் வேண்டும் என்றால் முப்பத்துமூன்று சென்டிமீட்டர், புத்தகம் படிக்கிற தூரம், அதுதான் தன் யோசனை என்றார். வீட்டில் மூன்று பவர் குறைந்த பழைய கண்ணாடி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு அந்தத் தூரத்தில் வரைந்து பாருங்கள், இரண்டு வாரம் கழித்து வந்து சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

என்னுடைய எல்லாக் கண்ணாடிகளும் என்னிடம் இருக்கின்றன, டப்பாவில், வருடம் எழுதி ஒட்டி. பள்ளி முடித்த வருடத்துக் கண்ணாடி இப்போதையதைவிடச் சரியாக மூன்று பவர் குறைவு. அதை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கியா பார்ம் சந்தைக்குப் போனேன். அங்கே சாலையோரம் ஸ்ட்ராபெரி விற்கும் ஓர் அக்கா, என் அட்டைகளையும் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு விற்றுக் கொடுக்கிறார். போன வருடம் அவருக்கும் இதே ஆப்பரேஷன் ஆனது.

"தூரத்துக்கு வையி தங்கச்சி. எனக்கு வச்சாங்கள்ல? கீழ பிரிஞ்சாங் டவுன்லருந்து ஏறி வர்ற லோரி நம்பரை இங்க உக்காந்துகிட்டே படிக்கிறேன் லா!"

"லோரி நம்பரைப் படிச்சு நான் என்னக்கா பண்றது?"

"நான் மட்டும் என்ன பண்றேன்? சும்மா படிக்கிறதுதான். நல்லாருக்கு."

எனக்குத் தூரம் வேண்டியதில்லை. மலை எங்கேயும் போய்விடாது. கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தூரிகை முனை தெரியாவிட்டால் நான் யார் என்பதுதான் என் கவலை.

அன்று மாலையே என் கணவர் ஒரு மூங்கில் குச்சியைச் சீவி எடுத்துக்கொண்டு வந்தார். கவ்வாத்தின்போது வெட்டும் உயரத்தைப் பார்க்க ஆட்கள் கையில் அளவுக்குச்சி இருக்கும். இது அதே மாதிரிதான், முப்பத்துமூன்று சென்டிமீட்டரில். ஒரு முனை அட்டையில், மறுமுனை என் புருவத்தில். நான் பழக்கதோஷத்தில் குனியும்போதெல்லாம் குச்சி குத்தியது. நிமிர்ந்து உட்கார்ந்தால் கை எட்டவில்லை, கழுத்து வலித்தது. இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தவர் மூன்றாம் நாள் பொறுமை இழந்தார்.

"மேசை தட்டையா கெடக்கு, உன் தலை சாஞ்சு நிக்கிது. சரிவுல இருக்கிற செடியை மட்டமாவா வெட்டுவோம்? மலை எப்படிச் சாயுதோ அப்படித்தானே வெட்டுறது? பலகையைச் சாய் புள்ள."

பிஸ்கட் டின்னை அடியில் கொடுத்துப் பலகையைச் சாய்த்தார். குச்சியைப் பலகைக்குச் செங்குத்தாக நிறுத்தி, காட்டில் ஆட்களிடம் கத்துவது போல, "மேல, இன்னும் மேல... ம், அங்கயே நில்லு," என்றார்.

"நான் என்ன செடியாங்க?"

"செடி பேசாது."

கழுத்து வலி அன்றோடு போயிற்று. படம்தான் வரவில்லை. முதல் ஒன்பது அட்டைகள் வீண். தூரிகை முனை எங்கே முடிகிறது என்று தெரியாமல் இழையெல்லாம் கயிறாயிற்று. பதினொன்றாம் நாள் ஒரு பூவில் அறுபது இழை வரை தனித்தனியாக வந்தது. அறுபது என்று எழுதி, அதைச் சுற்றிக் கோபமாக ஒரு வட்டம் போட்டேன்.

டாக்டரிடம் பதினொன்றுதான் வேண்டும் என்று சண்டை போடுவதற்கு ஆதாரம் வேண்டுமே. கண்ணாடியைக் கழற்றி, அதே பூவைக் கண்ணருகே பிடித்து எண்ணினேன். நூற்றுமுப்பத்தொன்று. சரிபார்க்க மறுபடி எண்ணினேன். நூற்றுப்பதினெட்டு. மூன்றாம் முறை நூற்றிருபத்திரண்டு. ஒரே பூ. பூ மாறவில்லை. எதை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தேனோ, அது எனக்குத் தெரியாமல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மூன்று எண்ணையும் நாட்குறிப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன்.

முப்பத்துமூன்றுக்குச் சம்மதம் சொன்னேன்.

முதலில் வலது கண். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. தமிழ் நர்ஸ் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆடாம பெரிய லைட்டையே பாருங்கம்மா, இந்தா முடிஞ்சிருச்சு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். சுவர் வெள்ளை. தலையணை வெள்ளை. இத்தனை நாளாக உலகத்தைத் தேத்தண்ணீர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். டாக்டருக்குக் காட்டக் கொண்டுவந்திருந்த அட்டைகளைப் பையிலிருந்து எடுத்தேன். பூக்கள் எல்லாம் நீலமாக இருந்தன. வெள்ளை இதழுக்கு நான் போடும் மெல்லிய நிழல், சொட்டுநீலம் கொட்டிப்போன வேட்டி மாதிரி இருந்தது. இதழ் பழுப்பாகத் தெரியத் தெரிய, அதை வெளுக்க நான் நீலத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன்.

மலையேறும் வழியில் காரில் என் கணவரிடம் கேட்டேன். "எவ்வளவு நாளா இப்படி நீலமா இருக்கு?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு வருஷம் இருக்கும்," என்றார்.

"ஏங்க சொல்லல?"

"சொன்னா நிறுத்திப்புடுவே. அதான் பூவையே கொண்டாந்து பக்கத்துல வச்சேன், பாத்துக்கட்டும்னு. முந்தி வாரத்துக்கு ஒண்ணுதானே கொண்டாருவேன்?"

உண்மைதான். இரண்டு வருடமாகத் தினமும் ஒரு பூ வருகிறது என்று நாட்குறிப்பில் இருக்கிறது.

"பாசம்னு எழுதி வச்சிருக்கேன்," என்றேன்.

"அதுவுந்தான்," என்றார்.

கியா பார்ம் அக்காவுக்கும் தெரிந்திருந்தது. "ஒரு வெள்ளைக்காரி கேட்டா, ஏன் நீலம்னு. இந்த மலைக் குளிருக்குப் பூவு அப்படித்தான்னு சொல்லிட்டேன். நம்பி மூணு வாங்கிட்டுப் போனா லா!" என்று சிரித்தவர், என் மூக்கைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ஆப்பரேஷன் பண்ணியும் கண்ணாடியா? நான் அப்பவே சொன்னேன்ல, தூரத்துக்கு வையின்னு!"

அடுத்த மாதம் இடது கண். அதற்கும் அதே முப்பத்துமூன்று. கண் ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஒரு திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் பலகைக்கு முன் உட்கார்ந்தேன். கண்ணாடி போடவில்லை. இழைகள் முன்பு போல ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்து நிற்கவில்லை. இனி நிற்கப் போவதுமில்லை. ஆனால் பூ முழுதாக இருந்தது. பதினொரு சென்டிமீட்டரில் எனக்கு ஒரு நேரத்தில் ஓர் இதழ்தான். பூவைத் துண்டுதுண்டாகப் பார்த்துத்தான் ஒட்டவைப்பேன். இப்போது ஐந்து இதழும் ஒன்றாகத் தெரிந்ததில், ஒன்று மற்றதன்மேல் சாய்ந்திருக்கும் விதம் எனக்கே புதிதாக இருந்தது. தூரிகையை நனைத்தேன். வரைந்தேன்.

முதுகுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. நான் வரையும்போது இதுவரை என் தலையே அட்டையை மூடியிருக்கும். முடிந்த படங்களைத்தான் என் கணவர் பார்த்திருக்கிறார். இப்போது என் தலைக்கும் அட்டைக்கும் நடுவே நிறைய இடம் இருந்தது. அதில் அவர் குனிந்திருந்தார்.

"பூ எங்க? சுத்தித்தானே பச்சை பூசிக்கிட்டு இருக்கே?"

"வெள்ளை அட்டையோடது. சுத்திப் பூசினா நடுவுல பூ நிக்கும்."

"அப்ப பூவை நீ போடவே மாட்டியா?"

"வெளிச்சத்தை மறைக்கிறீங்க. நகருங்க."

நகர்ந்தார். சமையலறையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து, வெளிச்சம் மறைக்காத பக்கமாகப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்திலிருந்து ஏழு வரை நான் தனியாக இருக்கும் நேரம். அவரைப் போகச் சொல்லியிருக்கலாம். தூரிகையைக் கழுவிவிட்டு இரண்டாவது இதழின் ஓரத்துக்குப் போனேன்.

"மெதுவாப் போ," என்றார். "நான் பாக்கணும்ல."