எட்டடி நிழல்

மூன்று முறை சரிந்துபோன கிணற்றை நான்காம் முறையும் வெட்டி நிறுத்தியவன் நான். உவர் என்று செலியமேடு ஊரே கைகழுவிய நிலத்தில் கரும்பு போட்டேன். ஓட்டு வீட்டுக்குச் சுவர் வைத்ததும் இந்தக் கைதான். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. இத்தனைக்கும் முந்தியது ஒன்று உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது.

பிரெஞ்சுக்காரர் காலம். மழை ஏமாற்றிய வருஷம். மார்கழியிலேயே பாகூர் ஏரி அடிக்கு இறங்கிவிட, கால்வாய்த் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். கடிகாரம் மேரி என்கிற நகராட்சி ஆபீஸில் இருந்ததாம். வயலில் எங்களுக்கு நிழல்தான். விடிந்ததிலிருந்து நிழல் எட்டு அடியாகக் குறுகும் வரை எங்கள் முறை. பிறகு பெரியப்பாவின் முறை. தண்ணீர் யாருக்கோ அந்த வீட்டு ஆள் நின்று, தன் நிழலைத் தன் பாதத்தாலேயே அளக்க வேண்டும். தலையில் முண்டாசு கூடாது.

பெரியப்பாவும் அப்பாவும் வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அன்று அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். அளக்க நான் போனேன். நெல் பால் பிடிக்கிற சமயம். மேல் கழனியெல்லாம் நனைந்துவிட்டது. கடைசித் துண்டு வெடித்துக் கிடந்தது. இந்தத் தண்ணீர் தவறினால் அடுத்த முறை எட்டு நாள் கழித்து. அதற்குள் அத்தனையும் பதர்.

முண்டாசுதானே கூடாது என்றார்கள்? குடுமியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே! போர் மறைவில் போய், ஒரு பிடி வைக்கோலை உள்ளே வைத்து, குடுமியை உச்சந்தலையில் முடிந்துகொண்டு வந்து நின்றேன்.

மடைக் காவல்காரர் நிழலின் நுனியில் குச்சி நட்டார். குதிகாலும் விரலும் ஒட்ட நடந்து அளந்தேன். எட்டரை.

"எனுக்கு எட்டு ஆயி எவ்ளோ நேரம் ஆவுது!" என்றார், மண்வெட்டியோடு காத்திருந்த பெரியப்பா. "இவனுக்கு மட்டும் சூரியன் வேறயா?"

"பையன் அளந்தது அளந்ததுதான்பா. நீயே பாத்துக்கோ" என்றார் காவல்காரர்.

பெரியப்பா கிட்டே வந்தார். எங்கள் கடைசித் துண்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

"இன்னாடா இது, தலையில குருவி கூடு கட்டுதா?"

"பேன் கடிக்குது பெரிப்பா, அதான் தூக்கிக் கட்னேன்."

வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு வைக்கோலை விரலால் உள்ளே தள்ளினார். "கெட்டியா கட்டுடா, அவுந்துடப் போவுது" என்றவர், காவல்காரர் பக்கம் திரும்பி, "சரிதான்பா, பாயட்டும்" என்றார்.

எங்கள் கடைசித் துண்டு நனைந்த பிறகே அவர் மடையைத் திறந்தார். அறுப்பில் எங்களுக்கு நெல் குறையவில்லை. அவருடைய கடைக்கோடியில் தூற்றினால் பதர்தான் பறந்தது. அவ்வளவு பெரிய மனிதரை ஏமாற்றிவிட்டேன் என்று வெகுகாலம் பெருமையடித்துத் திரிந்தேன். அந்த வைக்கோலை அவர் ஏன் பிடுங்கி எறியவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது அவருடைய பேரன்கள், எங்கள் தாத்தாதான் தம்பி வீட்டுப் பயிரைக் காத்தார் என்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் பேச்சற்றுப் போன அண்ணன், ஊர் பார்க்கத் தம்பிக்குத் தண்ணீர் விட வேண்டுமென்றால் அவருக்கும் ஒரு சாக்கு வேண்டாமா? அதைத் தலையில் சுமந்து போனவன் நான். அந்தக் கதையைச் சொல்லும்போது என்னையும் சேர்த்துச் சொல்லுங்கள்.