காக்கா கதையில் கிடைத்த கேள்வி

வேங்கிக்காலில் எங்கள் மாடி போர்ஷனில் போன வருடம் தாய்லாந்துக்கார அம்மா ஒருவர் மூன்று மாதம் தங்கினார். என் வயதுதான். பௌர்ணமி தவறாமல் மலையைக் கிரிவலம் வருவார். இரண்டு பேருக்குமே இங்கிலீஷ் வராது, பார்த்தால் சிரிப்போம். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஏன் என்று கேட்க என்னிடம் ஒரு சொல் இல்லை. ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது.

தை மாதம் மறுபடி வருகிறார் என்று தகவல் வந்ததும், அதற்குள் அவர் பேச்சைக் கற்றுவிடுவது என்று இறங்கினேன். நான் பத்தாவது வரை படித்தவள். செல்போனில் பார்த்த பாடம் எதுவும் ஏறவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுச் சொல்லும் அந்த நாட்டுப் பழங்கதைகள் ஏறின. ஒரு கதையில் பாட்டியும் தாத்தாவும் பயறும் எள்ளும் விதைத்துப் பேரனைக் காவல் வைக்கிறார்கள். அவன் அசந்த நேரம் காக்கா தின்றுவிடுகிறது. அடி வாங்கியவன் அழுதபடி வேடனிடம் போகிறான். வேடன் உதவ மாட்டேன் என்கிறான். வேடனின் வில்லைக் கடிக்கச் சொல்லி எலியிடம், எலியைப் பிடிக்கச் சொல்லிப் பூனையிடம், இப்படியே யானை வரை போகிறான். யானையும் மறுக்க, கடைசியில் ஒரு கொசுதான் உதவ வருகிறது. ஒவ்வொரு முறையும் சொன்னதையே சொல்வதால், மாவு அரைக்கும் நேரத்திலேயே மனப்பாடமாகிவிட்டது. அங்கேயும் காக்காவுக்கு 'கா' என்றுதான் பெயர் என்று தெரிந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னா, யானை இன்னும் ஒத்துக்கலியா?" என்பார் வீட்டுக்காரர்.

"கொசு வந்துடுச்சு. கண்ணுல பூந்தா ஒத்துக்கும்."

"பக்கத்து வூட்ல பேசவே வாய் வராது. இவ தாய்லாந்துக்குக் கதை சொல்றாளாம்!"

அந்த அம்மா வந்தார். மூன்று நாள் நான் வாயே திறக்கவில்லை. தொண்டை வரை வரும், கூச்சம் இழுத்துக்கொள்ளும்.

நாலாம் நாள் அமாவாசை. மொட்டை மாடிச் சுவரில் சோறு வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் திரும்பினார். காக்கா வந்து கொத்தியது. என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது: "கா மா கின்." காக்கா வந்து தின்கிறது.

அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. பயற்றைத் தின்ற திருடனுக்கு நான் கூப்பிட்டுச் சோறு போடுகிறேன்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாய் கப் தா..." என்று கதையைத் தொடங்கினார். பாட்டியும் தாத்தாவும். அடுத்த வரியை நான் சொன்னேன். பேரன் அழும் இடம் வந்ததும் நின்றேன். எனக்கு வேண்டிய சொல் அதுதான். மாடிப்படியைக் காட்டி, "ரோங் ஹாய்... தம்மை?" என்றேன். ஏன் அழுதீங்க?

அவர் முகம் மாறியது. பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "மே" என்றால் அம்மா. அது புரிந்தது. போன வருடம் அவர் படுத்த படுக்கை என்று கையால் காட்டினார். பிறகு சட்டென்று சிரித்து, செல்போனில் யாரையோ கூப்பிட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். நரைத்த தலை, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அவருடைய அம்மா.

"யாய் கப் தா," என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து கரகரத்த குரல் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டது. மூன்று பேருமாக வேடன், எலி, பூனை என்று ஓடினோம்.

கீழேயிருந்து வீட்டுக்காரர் கத்தினார்: "காக்கா சாப்புட்டாச்சா இல்லியா? எனக்குப் பசிக்குதுடி!"

"யானைகிட்ட வந்துட்டோம், இருங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.