செல்வி என் கையில் கொடுத்த இரண்டு டீ

திங்கட்கிழமை காலை, அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் பேக்கரியில் டீ சொல்லிவிட்டு நின்றிருந்தேன். கைப்பேசி அடித்தது. திரையில் 'செல்வி ஏலப்பாறை' என்று பெயர். காய்ச்சல் என்று ஐந்து நாளாக விடுப்பில் இருந்தவர் எழுந்துவிட்டார் என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே, "ஏனுங்க செல்வி, படுத்துக்கிட்டே பட்டனை மாத்தச் சொல்லிக் கூப்புடறீங்களா?" என்றேன். வந்தது அவர் கணவர் கணேசனின் குரல். "அண்ணே, செல்வி போயிட்டாண்ணே" என்றார். எலிக்காய்ச்சலாம். முப்பத்து நான்கு வயது. எடுத்ததும் கேலியாகப் பேசிவிட்டேனே! டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ரோட்டோரம் நின்றேன்.

செயலி வடிவமைப்புத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகப் பாலக்காட்டில் நாம் நடத்துகிற குழுவில் செல்வியைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் உங்களில் பலருக்கு அவர் ஒரு குரல்தான். மலையூரான ஏலப்பாறையிலிருந்து, பின்னால் மழை பெய்கிற சத்தத்தோடு, உங்கள் சந்தேகத்துக்குப் பதில் சொல்லி வரும் குரல். மூன்று வருடம் அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவன் என்பதால் என்னை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். அழுது வடிந்து எழுத மாட்டேன். அப்படி எழுதினால் "அண்ணே, இதுல பாதிய வெட்டுங்க" என்று சொல்லியிருப்பார்.

நாங்கள் இருவரும் ஒரே திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் கொழிஞ்சாம்பாறையில் பதினேழு வருடம் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்து, நாற்பது வயதில் அதை மூடிவிட்டு வந்தவன். அவர் மலையில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது வருடம் டோக்கன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். இரண்டு பேருமே கணினியில் பாடம் பார்த்துப் பார்த்துத் தொழிலைப் பிடித்தோம். அந்த மருத்துவமனைக்கே, வீட்டிலிருந்தபடி டோக்கன் எடுக்க ஒரு செயலி செய்து தரும் வேலை எங்கள் முதலாளி ஜோஸ் சாருக்குக் கிடைத்திருந்தது. எனக்குப் படம் வரும், செல்விக்கு ஆட்களைத் தெரியும், இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு டிசைனர் ஆகிவிடும் என்று அவர் நினைத்தார். மாதத்தில் ஒரு வாரம் செல்வி பாலக்காடு வருவார். மற்ற நாளெல்லாம் ஏலப்பாறையில் இருந்தே வேலை.

முதல் வாரம் நான் வரைந்த முகப்புத் திரையைச் செல்வியிடம் பெருமையோடு காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்குண்ணே. கல்யாணம் எப்போ?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பேனர்க்காரன் புத்தி எங்கே போகும்? மேலே மருத்துவமனைப் படம், இரண்டு பக்கமும் டாக்டர்களின் முகங்கள், சுற்றிலும் பூ பார்டர், நடுவே வளைந்த எழுத்தில் நல்வரவு. ஃபிளெக்ஸில் ஒரு சாண் இடம் காலியாக விட்டால், "இங்க என் மச்சான் படத்தப் போட்டிருக்கலாமே" என்று ஆள் சண்டைக்கு வந்துவிடுவான். "அது சரிண்ணே, டோக்கன் எங்க எடுக்கணும்?" என்று கேட்டார். இரண்டு பேரும் தேடினோம். கீழே வலது மூலையில், பேனரில் அச்சடித்த கடையின் பேரைப் போடுவோமே, அந்த இடத்தில் பொடி எழுத்தில் வைத்திருந்தேன்.

அவர் மட்டும் என்ன கிழித்தார் என்று கேட்டால், அவர் செய்த முதல் திரையில் கவுண்டரில் பேசுவதை எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தார். செருப்பை வெளியே விடுங்கள், பழைய சீட்டை மறக்காதீர்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று மூன்று பத்தி. "ஏனுங்க, இது டோக்கனா, நிலப் பத்திரமா?" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மூன்று பத்தியும் ஒரே வரியாகி வந்தது. கோபமும் வேலையும் அவருக்குச் சேர்ந்தேதான் வரும்.

இனி அந்த டீ விஷயத்துக்கு வருகிறேன். வரைந்ததை ஆட்களிடம் கொடுத்துப் பார்க்க ஏலப்பாறைக்குப் போனேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஏழு பேரிடம் கைப்பேசியைக் கொடுத்து, டோக்கன் எடுக்கச் சொன்னோம். ஏழு பேரும் எடுத்தார்கள். ஏழு பேரும், "நல்லா இருக்கு சார்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜோஸ் சாருக்குச் செய்தி அனுப்பப் போனவனைச் செல்வி தடுத்தார். "அண்ணே, ஆபீஸ்லருந்து ஆள் வந்து எதக் காட்டினாலும் இங்க நல்லா இருக்கு சார்னுதான் சொல்லுவோம். சின்ன வயசிலருந்து பழகின வாய். அதவிட, ஏழு பேருக்கும் பட்டன் எங்க இருக்குன்னு காட்டினது உங்க விரல்தான். நீங்க கவனிக்கவே இல்லையா?"

கவனிக்கவில்லை. ஆள் தயங்கியதும் என் விரல் தானாக நீண்டிருக்கிறது. இல்லவே இல்லை என்று சாதித்தேன். மறுநாள் சோதனை தொடங்குமுன் சுடச்சுட இரண்டு கிளாஸ் டீ கொண்டுவந்து, என் இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். "குடிக்கறதுக்கு இல்ல. முடியற வரைக்கும் கீழ வைக்கக் கூடாது" என்றார். பிறகு இரண்டு பெண்களை உட்கார வைத்து, ஒருத்தியிடம் கைப்பேசியைக் கொடுத்து, "மதினிக்கு நீங்களே சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அடுத்த கால் மணி நேரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. முதல் திரையில் எந்தப் பிரிவு என்று கேட்டு ஒரு பட்டியல் போட்டிருந்தேன். ஜெனரல் மெடிசின், ஆர்த்தோ, ஈஎன்டி என்று நீளும். "எனக்குத் தலை சுத்துது, அது இதுல எங்கடி இருக்கு?" என்றாள் ஒருத்தி. "எதையாவது தொடு மதினி, அவங்க திட்டமாட்டாங்க" என்றாள் மற்றவள். தொட்டது பல் டாக்டர். என் விரல் துடிக்கிறது, கிளாஸ் சுடுகிறது, வாயைத் திறந்தால் செல்வி முறைக்கிறார். கடைசியில் அவர்கள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, "நல்லா இருக்கு சார்" என்றார்கள்.

திரும்பி வரும்போது செல்வி சொன்னார்: "ஒம்பது வருஷத்துல ஒருத்தர்ட்டகூட நான் எந்தப் பிரிவுன்னு கேட்டதில்லண்ணே. என்ன செய்யுதுன்னுதான் கேப்பேன்." அன்று சாயங்காலமே முதல் திரையை மாற்றினார். மேலே 'என்ன செய்யுது?' என்று ஒரே கேள்வி. கீழே காய்ச்சல், மூட்டுவலி, குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஆறு பட்டன்கள். ஏழாவதாக, மற்றவை அளவுக்கே பெரிதாக, 'தெரியல'. அதைத் தொட்டால் பொது மருத்துவருக்கு டோக்கன் வரும், மற்றதைக் கவுண்டரில் கேட்டுக்கொள்வார்கள்.

ஜோஸ் சாருக்கு அந்த ஏழாவது பட்டன் பிடிக்கவில்லை. "தெரியலன்னு ஒரு பட்டனோ? ஆஸ்பத்திரிக்காரங்க பார்த்தா சிரிக்கும் செல்வி, எடுத்துடு" என்றார், அவருடைய மலையாளத் தமிழில். செல்வி எடுக்க மாட்டேன் என்றார். "அது போனா நானும் கவுண்டருக்கே போயிடறேன் சார்." வீம்புக்குச் சொல்லவில்லை. இந்த டிசைன் வேலையை விட்டால் ஏலப்பாறையில் இருந்துகொண்டு பார்க்க அவருக்கு இன்னொரு வேலை கிடையாது. கவுண்டரிலும் அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. அந்த அறையில் நானும் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. கடையை மூடிவிட்டு வந்தவன், இதுவும் போனால் என்ன செய்வது என்ற பயம். அதைவிடக் கேவலமான ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் ஜோஸ் சார் சொன்னதும் அந்தப் பட்டனை எடுத்தது என் கைதான்.

அதற்கு அடுத்த நாள், செயலியை மருத்துவமனை நிர்வாகியிடம் காட்டும் நாள். அதை விளக்கிப் பேச வேண்டியவன் நான். திரையில் பட்டன் இல்லாததைச் செல்வி பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு எழுந்து போய் நிர்வாகியின் கையில் கைப்பேசியைக் கொடுத்து, "சார், உங்க அம்மாவுக்குக் காலையிலருந்து தலை சுத்துது, ஒரு கை மரத்த மாதிரி இருக்கு. டோக்கன் எடுங்க" என்றார். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். கட்டைவிரல் ஆறு பட்டனுக்கும் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. நான் மேஜைக்கு அடியில் இரண்டு கையையும் கோத்துப் பிடித்துக்கொண்டேன். "அறியில்லல்லோ" என்றார் கடைசியில், தெரியவில்லையே என்று. மருத்துவமனையையே நடத்துகிறவர்.

"அதுக்கு ஒரு பட்டன் இருந்துச்சு சார். நேத்துதான் எடுத்துட்டோம்" என்றார் செல்வி. எடுத்துட்டோம். 'இவர் எடுத்தார்' என்று சொல்லியிருந்தால் அது பொய்யில்லை. நான் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, எல்லோர் முன்னாலும் அதைத் திரும்ப வைத்தேன். பின்னாளில் அதை ஜோஸ் சாரே எல்லோரிடமும் பெருமையாகக் காட்டினார். அது வேறு கதை. அன்று பஸ் நிலையம் வரை செல்வியோடு நடந்தேன். மன்னிச்சுக்குங்க என்று தொடங்கியதும், "பயந்துட்டீங்க, அவ்வளவுதானே. பட்டன் நிறத்துக்குச் சண்டை வந்தா விட்டுக் குடுத்துருவோம்ணே. ஆளு முழிக்கற இடத்துக்கு மட்டும் சண்டை போடுவோம்" என்றார். அதற்குப் பிறகு நான் பயந்திருக்கிறேன், ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

நம் குழுவில் ஒரு பெண், காட்டுவதற்குக் கையில் ஒரு வேலைகூட இல்லாமல் எப்படி வேலை கேட்பது என்று எழுதியிருந்தார், நினைவிருக்கும். "உங்க ஊர்ல சனம் எங்க நின்னு முழிக்குதோ அங்க போய் ஒரு நாள் நில்லுங்க. ஏடிஎம், ரேஷன் கடை மெஷின், எதானாலும் சரி. பார்த்ததை வரைஞ்சு காட்டுங்க, அதுதான் உங்க முதல் வேலை" என்று செல்வி பதில் சொன்னார். அந்தப் பெண் இப்போது நல்ல இடத்தில் இருக்கிறார்.

எல்லோரிடமும் சோதித்துப் பார்த்த செல்வி, தன் வீட்டுக்காரரிடம் மட்டும் எதையும் காட்டியதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "நான் வரைஞ்சதுன்னு தெரிஞ்சா வெறுந்தாளக் காட்டினாக்கூடப் பிரமாதம்பாருண்ணே, அவர வச்சு என்னத்தச் சோதிக்கறது?" என்று சிரித்தார். கணேசன் ஜீப் ஓட்டுகிறவர். மலைப் பாதையில் எந்த வளைவிலும் தடுமாற மாட்டார், கைப்பேசியை மட்டும் பாம்பைப் போலப் பிடிப்பார். அவருக்கு வேண்டியது எல்லாவற்றையும் செல்விதான் அதில் செய்துகொடுப்பார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, பக்கத்து வீட்டம்மா எனக்கும் கணேசனுக்குமாக இரண்டு டீயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கணேசன் செல்வியின் கைப்பேசியோடு வந்தார். "அண்ணே, ஒரு டோக்கன் எடுக்கணும். தூக்கமே இல்ல, நெஞ்செல்லாம் கல்லு மாதிரி இருக்கு, சோறு எறங்கல. எப்பவும் அவதான் எடுத்துக் குடுப்பா" என்றார். நான் கைகளைப் பார்த்தேன். இரண்டிலும் கிளாஸ். கீழே வைக்க எதிரிலேயே திண்டு இருந்தது. வைக்கவில்லை. "நீங்களே எடுங்க கணேசன், நான் இங்கயே நிக்கறனுங்க" என்றேன்.

அவர் செயலியைத் திறந்தார். "என்ன செய்யுது?" என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். "அவ கேக்கற மாதிரியே இருக்குண்ணே" என்றார். கண்ணீர் திரையில் விழுந்தது, சட்டையால் துடைத்தார். காய்ச்சலைப் பார்த்தார், மூட்டுவலியைப் பார்த்தார். கிளாஸ் என் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தது. கணேசனின் கட்டைவிரல் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வந்து, 'தெரியல' என்பதைத் தொட்டது.

டோக்கன் வந்தது. "பதினொண்ணு. நாளைக்குக் காலையில" என்று கணேசன் வாசித்தார். யாரும் விரல் நீட்டிக் காட்டவில்லை, அவரே எடுத்துவிட்டார். செல்வி சோதிக்காமல் விட்ட ஒரே ஆள் அவர்தான்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். இப்போதும் யாரிடமாவது ஒரு திரையைக் கொடுத்துப் பார்க்கப் போகும்போது, முதலில் கடையில் இரண்டு டீ சொல்கிறேன். இரண்டும் எனக்குத்தான்.