சிக்னல் கிடைத்த இடத்தில் ஒரு பந்தல்

போன ஞாயிறு மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். என் சித்தப்பா மகன் மணியத்தின் பெண் நிர்மலா பெரியவளானதற்குச் சடங்கு. போய்ப் பார்த்தால், பந்தலை வீட்டு வாசலில் போடாமல் லயத்து வரிசை வீடுகளின் கோடியில், சரிவான ஒரு மேட்டில் போட்டிருக்கிறார்கள்!

"ஏன் தம்பி, இங்க போயி...?"

"இங்கதாண்ணே சிக்னல் வருது. அவ பாக்கணும்ல."

அவள் என்றால் அவன் மனைவி செல்வி. மலையில் வழுக்கி விழுந்து மணியத்தின் முதுகெலும்பு போனது. அதற்குப் பிறகு அவனால் பாரம் தூக்க முடியவில்லை. ரெண்டு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள் செல்வி. இன்னும் வரவில்லை. முதலாளியம்மா விடவில்லை.

சடங்குக்கு மணியத்திடம் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. ஆனால் லயம் இருந்தது. மூங்கில் வெட்டிப் பந்தல் போட்டது எதிர்வீட்டு ஆட்கள். அரிசி, தோட்டத்து மரக்கறி, முட்டை என்று வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது. சுவர் ஒட்டிய பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் ஸ்டெல்லா கொழும்பில் கார்மென்ட்ஸில் தைத்தவள். செல்வியின் கல்யாணச் சேலையை வெட்டிப் பாவாடை தாவணி தைத்துவிட்டாள்.

தண்ணீர் ஊற்றும் நேரம். அம்மா ஸ்தானத்தில் யார்? எல்லாரும் ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள்.

"நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ... நான் ஊத்தலாமா?"

"இத்தனை நாளா அவளுக்குச் சோறு போட்டப்போ வேதம் பாத்தியா? ஊத்துடி!" என்றார் ஒரு பெரியம்மா.

ஊற்றினாள்.

பெண்ணை உடுத்திப் பந்தலில் உட்கார்த்தியதும் மணியம் வீடியோ கோல் எடுத்தான். செல்வி ஏதோ சாமான் அறைக்குள் நின்றுகொண்டு கிசுகிசுப்பாகப் பேசினாள்.

"அது... என் சேலையா ஸ்டெல்லா?"

"ஆமா புள்ள. கோவிச்சுக்காத."

"நல்லா இருக்கு. அவள எந்திரிச்சு நிக்கச் சொல்லு. என் உசரம் வந்துட்டாளா?"

மணியம் போனைப் பெண் பக்கம் திருப்பினான்.

ஸ்டெல்லா சட்டென்று போய் நிர்மலாவை ஒட்டி நின்றாள். "நீயும் நானும் ஒரே உசரம்தானே? நல்லாப் பாரு. என் காது வரைக்கும் வந்துட்டா!"

செல்வி சேலைத் தலைப்பை... இல்லை, அங்கே சேலை ஏது? கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே யாரோ அதட்டிக் கூப்பிடும் சத்தம். திரை அணைந்துவிட்டது.

மேளம் இல்லாத பந்தல் மேல் மழை தூறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து யாரோ, "சரி சரி, இலையப் போடுங்க" என்று சத்தம் போட்டு எல்லாரையும் காப்பாற்றினார்கள்.

ஏழை வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் ஏது, சேமிப்பு ஏது என்று நாம் கேட்கிறோம். அடுத்த காம்பிராதான் அவர்களுக்கு இரண்டுமே. பந்தல் போடும், தைக்கும், ஆக்கிப் போடும். தாய் ஸ்தானத்தில்கூட வந்து நிற்கும். ஆனால் தாயைக் கொண்டுவந்து நிறுத்த அதனாலும் முடியவில்லையே...

நிர்மலா இலை முன்னால் உட்கார்ந்தாள். சோற்றில் கை வைக்கவில்லை.

"சாப்புடு தங்கம்" என்றாள் ஸ்டெல்லா.

"அம்மா சாப்ட்டாங்களான்னு நாம யாருமே கேக்கலையே அத்தை..."