வீட்டிலேயே கழுவிய கால்கள்

ஒரு நல்ல குருவானவரைப் பற்றி நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தைவிட்டு மாற்றப்பட்டார். அப்போது அவருக்கு இளம் வயது. நான் தோட்டத்தின் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. அலுவலகத்தில் துரைக்கு அடுத்தபடி என் பேச்சுத்தான். ஆலயத்திலும் அப்படியே. இப்போது நான் தடி ஊன்றி நடக்கிறேன். அவர் எங்கள் மறைமாவட்டத்தின் ஆயர். இதை எழுதும்போது என் மனத்தில் வெட்கத்தைவிட நன்றியே அதிகமாக இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்ல, பொய்யிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் தோட்டம் ரிங்லெட் என்ற சிற்றூருக்கு மேலே, மலையில் இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவை. கத்தோலிக்கர்கள் கொஞ்சம் பேர்தான். தொழிற்சாலைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சிற்றாலயம் எங்களுக்கு இருந்தது. பக்கத்து ஊரான தானா ராத்தாவிலிருந்து சாமியார் வந்து பூசை வைப்பார்.

பெரிய வியாழன் அன்று, இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, குருவானவர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவது வழக்கம். அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. முதல் நாற்காலி எனக்கு. அடுத்து சின்னக் கிராணி, கங்காணி, டிரைவர் என்று வரிசை போகும். நாங்கள் எல்லாரும் வீட்டிலேயே கால்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, வெள்ளைக் கால்சட்டை போட்டு வருவோம். என் மனைவி குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். சாமியார் செம்பிலிருந்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துணியால் ஒற்றி எடுப்பார். துணிகூட நனையாது. இதில் ஏதோ பிசகு இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

புதிதாக வந்த அந்த இளம் சாமியார் அந்த வருடம் பிரசங்கத்தை முடித்துவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாரும் வீட்லயே கழுவிட்டு வந்துட்டீங்களே. எனக்கு இங்க வேலை இல்ல போலருக்கு" என்றார்.

பெண்கள் பக்கம் சிரிப்புக் கேட்டது. அவர் நேராக வாசலுக்குப் போனார். அங்கே களை மருந்து அடிக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள். தேயிலைக் காட்டிலிருந்து நேராக வந்தவர்கள். தரை அழுக்காகிவிடும் என்று உள்ளே வராமல் வெளியே நின்றே பூசை பார்ப்பார்கள். "பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாங்கண்ணே" என்று அவர்களைக் கூப்பிட்டார். முதலில் வந்தவன் ஒல்லியான ஓர் இளைஞன். சாமியார் என்னிடம், "கிராணி, கொஞ்சம் எழுந்திரிக்கிறீங்களா?" என்று கேட்டு, என் நாற்காலியில் அவனை உட்கார வைத்தார்.

அவன் காலில் சேறு. விரல் இடுக்கில் ஓர் அட்டை ஊதிப்போய் ஒட்டியிருந்தது. சாமியார் அதைப் பிடுங்கி எறிந்தார். இரத்தம் நிற்காமல் வடிந்தது. அவர் பீடத்துத் துணியையே கிழித்துக் கட்டினார். பேசினில் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. நான் சுவரோரமாக நின்று கைக்குட்டையை எடுத்து முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். அப்படித்தான் பல வருடங்கள் எனக்கு நினைவு இருந்தது.

ஈஸ்டர் முடிந்த பிறகு அன்றைய ஆயர் பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதல் கொடுக்க வந்தார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். "புது சாமியார் எப்படி?" என்று கேட்டார். நான் குழம்பை ஊற்றிக்கொண்டே, "நல்ல பிள்ளதான் ஆண்டவரே. என்ன, கொஞ்சம் குடி வாடை வருது" என்றேன். பூசை முடித்த சாமியாரிடம் திராட்சை இரசத்தின் வாடை வரத்தான் செய்யும். ஆயர் அதையே சொல்லிச் சிரித்தார். அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். "பூசைக்கு முன்னாடியே வருது ஆண்டவரே" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

கொஞ்ச நாளில் சாமியாரைக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன இடத்துக்கு மாற்றினார்கள். குடிதான் காரணம் என்ற பேச்சு தோட்டம் முழுக்கப் பரவியது. போகும்போது எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்தார். என் மனைவியிடம், "இந்தக் குளிருக்கு உங்க காபிதான் அக்கா என்னைக் காப்பாத்துச்சு" என்றார். நான் அவர் பையை பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். அதுவும் என் பொய்யின் ஒரு பகுதிதான்.

பிறகு நான் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். கேட்ட குருவானவர், பாவம் மன்னிக்கப்பட்டது, ஆனால் பறித்த நற்பெயரை நீங்கள்தான் திருப்பித் தர வேண்டும் என்றார். சரி என்றேன். அடுத்த வருடம் செய்யலாம் என்று தள்ளினேன். பழைய ஆயர் இறந்தார். என் மனைவியும் போனாள். இனி யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நியமனச் செய்தி ஒரு மாலையில் வந்தது. ரோமில் நண்பகலுக்கு அறிவிப்பார்கள். இங்கே விளக்கு வைக்கும் நேரம். மகள் கைத்தொலைபேசியைப் பார்த்துக் கத்தினாள்.

"அப்பா! நம்ம தோட்டத்துல இருந்த ஃபாதர்தான் புது பிஷப்பாம்! நீங்க பஸ் ஏத்திவிட்டீங்களே, அவருதான்!"

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் மைலோ கலக்கச் சொன்னார். ஆலயக் குழுவினர் அங்கேயே முடிவெடுத்தார்கள்: ஆயர் முதல் தடவை தானா ராத்தாவுக்கு வரும்போது வரவேற்புரை நான்தான் சொல்ல வேண்டும். அவரோடு நெருங்கிப் பழகியவர்களில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தானாம். அப்போது, தோட்டத்தில் கொழுந்து பறித்த பழைய கொழுந்துக்காரி ஒருத்தி, மூலையில் இருந்தபடி கேட்டாள்:

"அவரா? குடிச்சாருன்னு அனுப்புனாங்களே, அந்தச் சாமியா?"

"அக்கா, சும்மா இருங்கலா" என்று யாரோ அடக்கினார்கள். ஆனால் மறுநாளே அது வாட்ஸ்அப்பில் ஓடியது. எங்கள் ஆட்களுக்குள், பிறகு ரிங்லெட்டில், பிறகு எங்கெங்கோ. செத்துப்போனதாக நான் நினைத்த பொய் என்னைவிடத் தெம்பாக எழுந்து நடந்தது. அவர் இன்னும் பதவி ஏற்கவில்லை. அதற்குள் அவர் பெயரில் அழுக்கு. அதைப் பூசியவனோ வரவேற்புரை எழுதப் போகிறான்.

பங்குச் சாமியாரிடம் போய், என்னால் பேச முடியாது என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் என் பேரன் வயதுக்காரர்.

"பேசத்தான் வேணும் தாத்தா. ஆனா அன்னிக்கு இல்ல. இந்த ஞாயித்துக்கிழம" என்றார். பிறகு புதிய ஆயரை அழைத்து, நான் பேசப்போகிறேன் என்று சொல்லி, தொலைபேசியை என்னிடமே கொடுத்துவிட்டு வெளியே போனார்.

"கிராணியா? அட, இன்னும் இருக்கீங்களா?" அதே குரல், கொஞ்சம் கனத்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அந்தப் பேச்சு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "யாரு சொன்னாங்கன்னு மட்டும் தெரியாது. ரொம்ப நாள் கோவமா இருந்தேன் கிராணி. பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் கடல் பழகிருச்சு, சனங்க பழகிட்டாங்க. இப்ப நீங்க சொன்னதும் பழைய கோவம் கொஞ்சம் வருது. போயிரும்." பிறகு, "அட்டை கடிச்ச அந்த அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சாமியார் போனதிலிருந்து அவன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டிருந்தான். ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் எழுந்து நின்றேன். பூசைக்கு முன் அவர் குடித்ததை நான் ஒருநாளும் பார்க்கவில்லை, ஒருநாளும் முகரவில்லை, என் நாற்காலி போன ஆத்திரத்தில் சொன்னேன் என்றேன். ஒரு பிள்ளை அழுதது. நான் உட்கார்ந்தேன். வெளியே வந்ததும் சிலர் என்னைத் தாண்டிப் போனார்கள். பழைய கொழுந்துக்காரி மட்டும் என் முன் வந்து நின்றாள்.

"ஒங்களால நானும்ல ஊர் பூரா பொய் சொல்லி இருக்கேன், கிராணி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். இன்றுவரை அவள் என்னிடம் பேசவில்லை. ஆனால் அன்று மாலையே தன் பேத்தியைக் கொண்டு வாட்ஸ்அப்பில் தன் குரலில் உண்மையைச் சொல்லிப் போட்டிருந்தாள். அதற்காக அவளுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மருந்து அடித்தவர் கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் போடுகிறார் என்று விசாரித்து அறிந்தேன். மகள் காரில் கொண்டுபோய் விட்டாள். அவர் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன். நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

"என்ன கிராணி, மரியாதையெல்லாம் பலமா இருக்கு? அப்பல்லாம் 'டேய்'தானே!" என்று சிரித்தார். ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

மறுபடி சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. என் பொய்யால் சாமியாரும் போனார், நீங்களும் ஆலயத்தைவிட்டுப் போனீர்கள், மன்னியுங்கள் என்றேன். அவர் குழாயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாமியார் போனதுக்கா நான் வரல? யாரு சொன்னா? சாமியாருங்க வருவாங்க, போவாங்க."

"பின்னே?"

"அன்னிக்கு என்னை ஒங்க நாக்காலியில ஒக்கார வச்சாருல்ல. நான் தலைய தூக்கிப் பாத்தா, நீங்க செவத்தோரமா நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்தீங்க. வெள்ளைக் கைக்குட்டை. சாமியாரு என் காலைப் புடிச்சுக்கிட்டு இருக்காரு, எனக்கு ஒங்க கைக்குட்டைதான் தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் கோவிலுக்குள்ள வரவே கூச்சமாப் போச்சு."

வியர்வையைத் துடைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பெரிய வியாழன் மாலையில், எங்கள் மலையில், அந்தக் குளிரில் எதற்கு வியர்வை? அப்போதுதான் எனக்கு அது சரியாக நினைவுக்கு வந்தது.

"ஆமா, பொத்தினேன்" என்றேன்.

அவர் எழுந்து போய் இரண்டு கோப்பைத் தேநீர் கொண்டுவந்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "பிஷப்பு நம்மள ஞாபகம் வச்சிருக்காரா? நெசமாவா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அட்டையைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறார் என்றதும் வாய்விட்டுச் சிரித்தார். வரவேற்பில் என் இடத்தில் அவர்தான் நிற்க வேண்டும் என்று கேட்டேன். "எனக்குப் பேச்செல்லாம் வராது. மாலை வேணும்னா போடுறேன்" என்றார்.

ஆயர் வந்த நாளில் காலையிலேயே எங்கள் வாசலில் லோரிச் சத்தம் கேட்டது. கோலா தெர்லாக்காரர்தான் ஓட்டிவந்திருந்தார், வெளுத்த சட்டை, புதுச் செருப்பு.

"ஏறுங்க கிராணி. நேத்துதான் கோழி உரம் ஏத்துனேன். கைக்குட்டை இருக்கா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினேன். முன் கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. அவர் அதை வாங்கிக் கண்ணாடியை நன்றாகத் துடைத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் போட்டுக்கொண்டார். தானா ராத்தா வரைக்கும் உர நாற்றத்தோடுதான் போனோம். என் கண்ணில் தண்ணீர் வந்தது. "அது உரம்தான்" என்று நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்.

மாரியம்மன் கோவில்காரர்கள் தங்கள் மேளத்தையும் நாற்காலிகளையும் கொண்டுவந்திருந்தார்கள். ஆயர் காரிலிருந்து இறங்கினார். கோலா தெர்லாக்காரர் மாலை போட்டார். ஆயர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து காலைப் பார்த்தார். "இப்ப அட்டை ஏதும் இல்லையே அண்ணே?" என்றார். இவர் மேளத்துக்கு மேலே கேட்கும்படி சிரித்தார்.

நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். ஆயர் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்தார். "காபி போட அக்கா இல்லைன்னு கேள்விப்பட்டேன்" என்றார். மகள் போடுவாள் என்றேன். "அப்ப வர்றேன்" என்றார். வந்தார், குடித்தார், அந்தப் பழைய விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை.

அடுத்து வந்த பெரிய வியாழனிலிருந்து யாரையும் நான் தேர்ந்தெடுப்பதில்லை. வாசலுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களையே சாமியார் கூப்பிடுகிறார்; பெண்களும் உண்டு, தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்து நிற்கிறார்கள். கோலா தெர்லாக்காரர் மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு வருகிறார். வந்தால் என் பக்கத்தில்தான் உட்காருகிறார். கைக்குட்டையை இன்னும் திருப்பித் தரவில்லை. கேட்டால், கண்ணாடி துடைக்க அதைவிட நல்ல துணி கிடைக்கவில்லை என்கிறார்.